பாக் விரிகுடாப் பவளப்பாரை அளக்க எந்தக் கேமரா?

வரும் சித்திரைக்குள் நாங்கள் ஒரு கேமராவை முடிவு செய்தாக வேண்டும். மண்டபத்தின் வடகரையில், முனைக்காட்டுக்கும் தோணித்துறைக்கும் இடையே கரையை ஒட்டியே பவளப்பார் கிடக்கிறது. அதில் சில திட்டுகளை ஆண்டுக்கொரு முறை அதே இடத்தில் படமெடுத்து, படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்து, பவளக்கல் வளர்ந்ததா உடைந்ததா செத்ததா என்று அளவோடு சொல்ல வேண்டும் என்பது எங்கள் நாலு பேரின் ஆசை. நாலு பேரிடமும் இருப்பது போன்தான். போனே போதுமா, அதற்கு உறை வாங்குவதா, ஆக்‌ஷன் கேமராவா, தண்ணீர் புகாத சிறிய கேமராவா என்று ஓர் ஆண்டாகப் பேசிவிட்டோம். இரவல் வாங்கிய கருவிகளோடு இறங்கியும் பார்த்தோம். என் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதி வைக்கிறேன். தொண்டியிலோ கீழக்கரையிலோ இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

கேமராவுக்கு முன்னால் அனுமதி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. வடகரைப் பார் அந்தப் பூங்காவுக்குள் வராது. ஆனால் கல்பவளம் எங்கே இருந்தாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். தொடுவது, மேலே நிற்பது, அடையாளத்துக்குக் கம்பி அடிப்பது எதுவும் கூடாது. படம் மட்டும் எடுப்பதானாலும் வனத்துறையிடம் முன்பே சொல்லிவிட்டு இறங்குவதுதான் முறை.

எந்தக் கேமரா என்பதை முடிவு செய்வது எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதுதான். உருண்டையாக வளரும் போரைட்டஸ் கல் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கொம்பு கொம்பாகக் கிளைக்கும் அக்ரோபோரா அதே ஓராண்டில் பத்து சென்டிமீட்டர்கூடப் போகும். கொம்புப்பவளத்தின் வளர்ச்சியை அளக்க ஒரு சென்டிமீட்டர் பிழையோடு பிழைத்துக்கொள்ளலாம். உருண்டைக் கல்லுக்கு அந்தப் பிழையே ஓராண்டு வளர்ச்சியை விழுங்கிவிடும். அங்கே சில மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். ‘வெக்கையில் நிறம் இழந்து எத்தனை சதுர மீட்டர் பவளம் வெளுத்திருக்கிறது’ என்பது மட்டும்தான் கேள்வி என்றால் பல படங்களை ஒட்டிச் செய்யும், மேலிருந்து பார்க்கும் ஒட்டுப்படமே போதும், உயரத்தில் ஏற்படும் பிழை அவ்வளவாகத் தொல்லை தராது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் இந்தக் கடலில் பவளம் வெளுத்ததைப் பெரியவர்கள் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார்கள். இந்த மூலையில், இந்தக் கல், இவ்வளவு என்று கரையில் இருக்கும் நாங்கள் எடுத்துக் காட்ட ஒரு படம்கூடக் கிடையாது. அந்த ஏக்கத்தில் தொடங்கியதுதான் இந்த வேலை.

கரையில் போன் போதும். இதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரை என் போனாலேயே எடுத்தேன். முருகைக்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர். ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் புழைகள் தெரியும், அந்தச் சொரசொரப்புதான் கணினிக்கு வேண்டியது. ஒரே புள்ளியைப் பல படங்களில் அடையாளம் கண்டு, கோணங்களை வைத்துக் கேமரா எங்கே நின்றது, புள்ளி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் ஃபோட்டோகிராமெட்ரி. சுண்ணாம்பு பூசிய வழவழப்பான சுவரில் கணினி திணறும், முருகைக்கல் சுவரில் ஓடும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் சாதாரணப் போனின் முதன்மைக் கேமரா இரண்டு மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. 12 மெகாபிக்சலில் அகலம் 4,000 பிக்சல், அப்படியென்றால் ஒரு பிக்சலுக்கு அரை மில்லிமீட்டர். இடிந்துகொண்டே வரும் சுவரைப் பதிவு செய்ய இது தாராளம். 2020இல் வந்த ஐபோன் 12 ப்ரோ தொட்டு ப்ரோ மாடல்களில் லைடார் (ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தூரம் அளக்கும் கருவி) இருக்கிறது. ஐந்து மீட்டருக்குள் உள்ளதை நேரடியாக அளந்து அளவுகோலையும் தந்துவிடும், ஆனால் நுணுக்கம் படங்களிலிருந்து வருவதைவிடக் குறைவு. அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால் கடலுக்குள் அதனால் பயனில்லை. லைடாருக்காக விலை கூடிய போன் வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு நான் சொன்னது, வேண்டாம்.

தண்ணீருக்குள் போனதும் கணக்கு மாறுகிறது. கடல்நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.34. தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது பார்வைக்கோணம் சுருங்கும். ஒரு மீட்டர் தூரத்தில் 1.33 மீட்டர் பிடித்த போன் தண்ணீருக்குள் ஒரு மீட்டர்தான் பிடிக்கும். பொருட்கள் பெரிதாகவும் பக்கத்தில் இருப்பதாகவும் தெரியும், ஓரங்கள் வெளிப்பக்கமாக இழுபடும், மூலைகளில் நிறம் பிரியும். இதில் பெரும்பகுதியை மென்பொருள் லென்ஸின் கோணலாக எடுத்துக்கொண்டு தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தூரம், கண்ணாடியின் சாய்வு, ஃபோகஸ் ஆகிய மூன்றும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அசையவே கூடாது.

அதனால் மெகாபிக்சலைவிட, எது அசையாமல் இருக்கும் என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் எடைபோட்டேன்.

முதலில் பிளாஸ்டிக் பை. சில நூறு ரூபாய்க்குக் கடற்கரைக் கடைகளில் தொங்கும், கழுத்தில் மாட்டும் பை. தொடக்கத்தில் அதோடுதான் இறங்கினேன். தண்ணீர் புகவில்லை. படங்களும் பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனால் உருவம் செய்தபோது சமதளமான மணல் தரை கிண்ணம்போலக் குழிந்து வந்தது. அடையாளத்துக்கு வைத்த செங்கலின் நேர்விளிம்பு வளைந்திருந்தது. பையின் பிளாஸ்டிக் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மடிப்பு, ஒரு சாய்வு. நூறு படம் எடுத்தால் நூறு வெவ்வேறு லென்ஸ் என்று கணக்கு. பையை அளவெடுக்கும் வேலைக்குக் கொண்டு போகாதீர்கள். நினைவுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உறையே இல்லாமல் போனை இறக்குவதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. தண்ணீர் தாங்கும் என்று போட்டிருக்கும் ஐபி68 முத்திரையைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்தச் சோதனை நன்னீரில், புதுப் போனில் நடந்தது, உப்புநீரில் அல்ல. ஒருமுறை கீழே விழுந்த போனின் அடைப்பு எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது, தண்ணீர் புகுந்தால் உத்தரவாதமும் கிடையாது. போதாததற்குத் தண்ணீருக்குள் தொடுதிரை தொடுதலை உணராது.

கெட்டியான உறை வேறு ரகம். பாலிகார்பனேட் பெட்டி, தட்டையான கண்ணாடி, ரப்பர் வளையம். சீலைஃப், கிராக்கன் போன்றவற்றின் உறைகளில் பொத்தான்கள் ப்ளூடூத் வழியாகப் போனை இயக்குகின்றன. டைவ்வோல்க் உறையில் சவ்வு வழியாகத் திரையையே தொடலாம். 40 மீட்டர் ஆழத்துக்காவது தாங்கும் என்கிறார்கள். எங்கள் பார் மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது, ஆழம் எங்களுக்குக் கவலை இல்லை. இந்த உறைகளின் உண்மையான பலம் போன் உள்ளே ஆடாமல் நிற்பது. பொது உறை என்று விற்பவற்றில் சின்னப் போன் உள்ளே நகரும். நகர்ந்தால் பைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை, பஞ்சு வைத்து இறுக்க வேண்டும்.

இந்த உறைகளின் குறையை எனக்குக் காட்டியவர் தோணித்துறையில் பாசி எடுக்கும் ஓர் அக்கா. கட்டக்கோரைப் பாசி சேர்த்த வலைப்பையைக் கரையில் போட்டுவிட்டு, என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் கண்ணாடியிலயே ஆவி கட்டுது தம்பி, இந்தப் பொட்டிக்குள்ள கட்டாதா?” என்று கேட்டார். அன்றைக்கே கட்டியது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிறோம், போன் சூடாகிறது, கடல் கண்ணாடியைக் குளிர்விக்கிறது, பத்து நிமிடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பால் வெள்ளை. இப்போது விடியற்காலையில் ஏசி அறையில் வைத்துத்தான் மூடுகிறேன், உள்ளே இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போடுகிறேன். படகுப் பலகையில் வெயிலில் வைத்தால் போன் சூடு தாங்காமல் தானே அணைந்துவிடும். ஈரத்துணி போர்த்திக் கொண்டு போக வேண்டும். ரப்பர் வளையத்தில் ஒரு முடி, ஒரு மணல் துகள் இருந்தாலே கசியும். மணற்கரையில் உறையைத் திறப்பது போனைக் கடலில் போடுவதற்குச் சமம்.

ஆக்‌ஷன் கேமராவுக்கு வருவோம். கோப்ரோவின் ஹீரோ 5 பிளாக் முதல் வந்த முதன்மை மாடல்கள் உறையில்லாமலே 10 மீட்டர் வரை போகும். அதைவிட எனக்குப் பிடித்தது அதன் ஃபோகஸ் நிலையானது என்பது. தொழிற்சாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள், நாம் மறந்தாலும் மாறாது. அரை வினாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும், இரண்டு கையும் நீந்துவதற்கு மிச்சம். அகலமாகப் பார்ப்பதால் கலங்கலான தண்ணீரில் கல்லுக்கு நெருக்கமாகப் போகலாம், நடுவில் நிற்கும் கலங்கல் நீர் அந்த அளவுக்குக் குறையும். குறைகளும் உண்டு. சென்சார் சிறியது, வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், ஓரங்கள் மங்கும். நடுப்பகுதி ஒவ்வொரு படத்திலும் தெளிவாக இருப்பதால், படங்கள் ஒன்றையொன்று நன்றாக மூடும்படி எடுத்தால் ஓரத்தின் மங்கல் பெரிதாகத் தாக்காது. அசைவைத் தடுக்கும் வசதியை மட்டும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு படத்தையும் வெட்டி நகர்த்தும்.

ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற சிறிய கேமரா உறையில்லாமல் 15 மீட்டர் போகும். மிக நெருக்கத்தில் ஃபோகஸ் பிடிக்கும், ஒற்றைக் கல்லின் புழைகளை எடுக்க அருமை. ஆனால் ஜூம் லென்ஸ். கை தவறி ஜூம் நகர்ந்தால் அந்த நாளின் படமெல்லாம் வீண். குமிழ்க்கண்ணாடி போட்ட பெரிய மிரர்லெஸ் கேமராவைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது, அதன் விலை லட்சங்களில் இருக்கிறது.

போனைத் தேர்ந்தெடுப்பவர்கள் செய்ய வேண்டிய அமைப்புகள் சில. முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள், அகல லென்ஸ் வேண்டாம். ஃபோகஸைக் கல்லின் தூரத்தில் வைத்துப் பூட்டுங்கள், ஒளியளவையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டுங்கள். பல ஒளியளவுப் படங்களை ஒன்றாகக் கலக்கும் எச்டிஆரை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா செயலி இதற்கு இடம் தருகிறது. லென்ஸையோ சென்சாரையோ அசைத்து நடுக்கத்தைத் தணிக்கும் போன்களில் அதை முழுவதும் நிறுத்த வழி இல்லாமலும் இருக்கலாம். கல்லின் கன அளவுக்கு அது பெரிதாகத் தெரியாது, மில்லிமீட்டர் தேடுபவர்களுக்கு இடிக்கும்.

இனி வெளிச்சமும் வேகமும். எல்லாக் கேமராவுக்கும் சோதனை இங்கேதான்.

ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் திட்டு ஒன்றை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போனால் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு படம் ஒரு மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் நீளம். நீளவாக்கில் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், அதனால் 15 சென்டிமீட்டருக்கு ஒரு படம். பக்கவாட்டில் 70 விழுக்காடு என்றால் 30 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை. 33 படம், 17 வரிசை, மொத்தம் 561. கிண்ணக் குழிவைத் தவிர்க்கக் குறுக்குவாக்கிலும் ஒருமுறை போக வேண்டும், சற்றுச் சாய்த்தும் எடுக்க வேண்டும். ஆயிரத்தைத் தாண்டிவிடும். வினாடிக்கு ஒரு படம், வினாடிக்கு 15 சென்டிமீட்டர் வேகம். ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர். ஷட்டர் 1/60 வினாடி என்றால் அதற்குள் நாம் இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறோம், பத்துப் பிக்சல் இழுபட்டுப் படம் குழம்பும். 1/500க்குக் கொண்டு வந்தால் ஒரு பிக்சலோடு நிற்கும். அலை தூக்கிப் போடும்போது நம் வேகம் 15 சென்டிமீட்டரில் நிற்காது என்பதால் இதுவே குறைந்தபட்சம்.

1/500க்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அப்படியானால் உச்சி வெயிலில் இறங்கலாமே என்று தோன்றும், நானும் இறங்கினேன். ஆழம் ஒன்றரை மீட்டர், தெளிந்த நீர். கல்லின் மேல் வெயில் வலைபின்னி ஆடிக்கொண்டிருந்தது. சிற்றலை ஒவ்வொன்றும் ஒரு லென்ஸாகி வெளிச்சக் கோடுகளை ஓடவிடுகிறது. பார்க்க அவ்வளவு அழகு. கணினிக்கோ, ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு கோடு, கல்லின் புள்ளிகளை விட்டுவிட்டு ஒளிக்கோடுகளைப் பொருத்திப் பார்த்துத் தோற்றுப்போகும். அதனால் சூரியன் தாழ்ந்திருக்கும் காலையில், அல்லது மெல்லிய மேகம் மூடிய நாளில் எடுக்க வேண்டும். அப்போது வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) ஏற வேண்டும். சென்சார் பெரிதாக உள்ள இன்றைய நல்ல போன், ஆக்‌ஷன் கேமராவை முந்துவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். காலை ஏழரைக்கு என் போன் எடுத்த படங்களில் கல்லின் புழைகள் தெரிந்தன, இரவல் ஆக்‌ஷன் கேமராவின் படங்களில் அவை இரைச்சலில் கரைந்திருந்தன. ஒன்பது மணிக்கு மேல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஃப்ளாஷ் போட வேண்டாம், மிதக்கும் துகள்கள்தான் ஒளிரும்.

காற்று ஒத்துழைக்காவிட்டால் கேமரா எதுவானாலும் ஒன்றுதான். வைகாசி, ஆனியில் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் காற்று எழும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வீசினால் தலைகீழ், வடகரை சேறாகக் கலங்கும். எங்களை வத்தையில் ஏற்றிச் செல்லும் அண்ணன் ஒருவர் கேமரா பெட்டியைக் கண்டால் முதலில் மேற்கே ஒரு பார்வை பார்ப்பார். “இன்னைக்குத் தண்ணி கலங்கல் தம்பி, ரெண்டு நாள் பொறு” என்று அவர் சொன்ன நாட்களில் பிடிவாதமாக இறங்கி எடுத்த படங்கள் ஒன்றுகூட ஒட்டவில்லை. பங்குனியும் சித்திரையும் இரு காற்றுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி. வெளுப்பு தொடங்கும் வெக்கைக் காலமும் அதுவே, அதனால் எங்கள் பதிவுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. காற்று ஓய்ந்த நாளிலும் கடற்பாசியும் கடல்புல்லும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அந்த இடங்கள் உருவத்தில் ஓட்டையாக வரும், ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

எந்தக் கேமரா வாங்கினாலும் அளவுகோல் இல்லாவிட்டால் வரும் உருவத்துக்கு அளவே இல்லை. கைமுட்டி அளவுக் கல்லும் ஆளுயரக் கல்லும் கணினிக்கு ஒன்றுதான். ராமநாதபுரத்தில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் ஏசிபி ஷீட்டை (இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) அரை மீட்டர் பட்டையாக வெட்டித் தரச் சொன்னேன். இரு முனையிலும் பளபளப்பில்லாத ஸ்டிக்கரில் அச்சிட்ட குறிகளை ஒட்டி, குறிகளுக்கிடையே உள்ள தூரத்தை எஃகு அளவுகோலால் அளந்து பட்டையின் பின்னால் எழுதிவைத்தேன். ஃப்ளெக்ஸில் அச்சிட வேண்டாம், இழுபடும். பட்டை அசையாமலிருக்க வலைக்காரர்கள் கட்டும் ஈயக்குண்டு இரண்டு, வைப்பது மணலில் மட்டும், கல்லின் மேல் அல்ல. ஒரு திட்டுக்கு மூன்று பட்டைகள். இரண்டை அளவு கொடுக்கவும் மூன்றாவதைச் சரிபார்க்கவும் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது பட்டை உருவத்தில் எத்தனை மில்லிமீட்டர் தவறுகிறதோ, அதைத்தான் என் பிழையாக வெளியே சொல்ல முடியும்.

மென்பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனிலேயே உருவம் செய்து தரும் பாலிகேம், ஸ்கேனிவர்ஸ் போன்றவை கரையில் ஒரு சிலைக்கு நன்று. தண்ணீருக்குள் எடுத்த படங்களுக்கு லென்ஸ் கணக்கை நாம் பார்க்கவும் திருத்தவும் வேண்டும், அதற்கு அவை போதாது. கோல்மேப், மெஷ்ரூம் இரண்டும் இலவசம், ஆனால் அடர்த்தியான உருவம் எடுக்க கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். ரியாலிட்டிகேப்சருக்கும் (இப்போது ரியாலிட்டிஸ்கேன்) அப்படியே. 2024 முதல் ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது இலவசம், எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. மெட்டாஷேப்பை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். விலை குறைந்த ஸ்டாண்டர்டு பதிப்பில் அளவுப்பட்டையைக் கொடுக்கும் வசதி இல்லை, ப்ரொஃபஷனலில்தான் உண்டு. ஸ்டாண்டர்டில் செய்த உருவத்தை கிளவுட்கம்பேரில் போட்டு அளவைப் பெருக்கிச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு ஆண்டு உருவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வேறுபாடு பார்க்கவும் அதே இலவச மென்பொருள் போதும்.

நான் எடுத்த முடிவு இது. திட்டு முழுவதையும் எடுக்க ஆக்‌ஷன் கேமரா. ஃபோகஸ் மாறாது, கை மிச்சம், தண்ணீர் புகுந்து செத்தாலும் போவது ஒரு கேமராதான். அன்றாடம் பயன்படுத்தும் போனை இறக்கினால் வங்கிக் கணக்கு, வீட்டு எண்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் கடலுக்குப் போகின்றன. பொறுப்புள்ள குடும்பஸ்தர் எவரையும் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டு வளர்ச்சி பார்க்க வேண்டிய ஒற்றைக் கற்களுக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் கெட்டி உறைக்குள் போகட்டும். மூன்று நான்கு ஆண்டு பழைய நல்ல போனின் கேமரா இந்த வேலைக்குக் குறைந்ததல்ல. சிம் வேண்டாம், திரையில் கீறல் இருந்தாலும் கவலையில்லை, பேட்டரி ஒரு மணி நேரம் நின்றால் போதும். புதுப் போன் வாங்க வைத்திருந்த பணத்தில் உறையும் பட்டைகளும் வாங்கியும் மிச்சம் இருக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்கள் ஆக்‌ஷன் கேமராவோடு தொடங்கலாம். எதுவும் வாங்க முடியாதவர்கள் கையிலுள்ள போனோடு தனுஷ்கோடிச் சுவர்களுக்குப் போகலாம். அங்கேயும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கற்கள் உதிர்கின்றன, அதை யாராவது அளந்து வைக்க வேண்டும்.

எந்தக் கேமராவை எடுத்தாலும் அடுத்த ஆண்டு அதையே, அதே உறையோடு, அதே அமைப்புகளோடு எடுத்துச் செல்லுங்கள். நடுவில் கருவி மாறினால், தெரியும் வேறுபாடு கல்லினுடையதா கேமராவினுடையதா என்று பிரிக்கப் படாதபாடு பட வேண்டும். என் தங்கையின் பழைய போனைக் கேட்டு வாங்கிவிட்டேன். பங்குனி பிறந்ததும் வத்தைக்கார அண்ணனிடம் நாள் கேட்க வேண்டும்.